முதல் தேனீப் பெட்டியை எங்கே வைப்பது?

கொங்குப் பகுதியில் வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்க்க விரும்புவோர், நம் மண்ணுக்குப் பழகிய இந்தியத் தேனீயையே தேர்ந்தெடுக்கலாம். பெட்டி வைக்கும் இடத்தில் மிகுந்த கவனம் தேவை. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று பலமாக வீசுவதால், பெட்டியின் வாயில் கிழக்கு நோக்கியும், மேற்குப் பக்கம் சுவரோ வேலியோ மறைப்பாகவும் இருக்கும்படி, மாமர நிழலில் வைப்பது நல்லது; தென்னையடி வேண்டாம், மட்டை விழுந்தால் பெட்டி சாய்ந்துவிடும். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. ஆனால் ஒரு புல்லின் நுனி பெட்டியைத் தொட்டாலும் எறும்புக்கு அதுவே பாலமாகிவிடும் என்பதால், சுற்றிலும் புல்லை அகற்றிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுரண்டித் துடையுங்கள். அங்கே சேரும் மெழுகுத் துகள்களில்தான் மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் வளர்கின்றன. பூ குறைந்த காலத்தில், சர்க்கரையையும் தண்ணீரையும் சம அளவில் காய்ச்சி, ஆறவைத்து, மாலையில் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். வெளியே சிந்தினால் அயல்கூட்டுத் தேனீக்கள் கொள்ளையிட வந்துவிடும். தேனை மேலறையிலிருந்து மட்டுமே எடுங்கள். கீழறையில் இருப்பது தேனீக் குஞ்சுப் புழுக்களுக்கும் கூட்டத்துக்குமான உணவு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பெட்டி வாங்கும் முன்பே அதில் கலந்துகொள்வது சிறந்தது.