வெப்பமண்டலத் தீவில் புவிவெப்பக் குளிரூட்டல்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் செம்பவாங்கில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி சூடு பதிவானது என்ற செய்தி வந்ததிலிருந்து, இளம் பொறியாளர்கள் என்னிடம் காட்டும் கணக்குத் தாள்கள் கூடிவிட்டன. அடியில் சூடு இருக்கிறது, மேலே ஊருக்குக் குளிர்ச்சி வேண்டும், இரண்டையும் இணைத்துவிட்டால் மின்கட்டணம் மிச்சம் என்று எல்லாத் தாளும் ஒரே மாதிரி தொடங்கும். இணைக்கலாம்தான். ஆனால் அந்தத் தாள்களில் இருக்கும் தவறுகளில் பாதி, தொழிலுக்கு வந்த புதிதில் நானும் என் கூட்டாளிகளும் செய்தவை. குழாய்க்கு இன்சுலேஷன் போடு, பம்ப்பை அளவாக வாங்கு போன்றவை எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆழத்துச் சூட்டையும் மேல்நிலத்தையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

ஒன்று இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே இருக்கும் சூடு ஓர் எரிபொருள் மாதிரி. 100 மீட்டருக்குள் இருக்கும் நிலம் சூட்டைக் கொட்டும் இடம், அவ்வளவுதான். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இரண்டையும் பிரிக்காதவர் பத்தாம் பக்கத்தில் கட்டாயம் இடறுவார்.

குளிர்நாட்டு ஆழ்துளைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே இறக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஸ்வீடனிலோ ஜெர்மனியிலோ 100 மீட்டர் ஆழத்தில் நிலம் ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கும். கோடையில் கட்டடத்தின் சூட்டை நிலத்தில் இறக்குவார்கள், குளிர்காலத்தில் அதே சூட்டை எடுத்து வீட்டைக் கதகதப்பாக்குவார்கள். அறுவடையில் நிரப்பி மழைக்காலத்தில் எடுத்துச் சாப்பிடும் நெற்குதிர் அது. நம் தீவுகளில் எடுத்துச் சாப்பிட ஒரு பருவமே கிடையாது. ஜனவரியிலும் ஏசி, ஜூலையிலும் ஏசி. கொட்டிக்கொண்டே இருக்கலாம், எடுப்பதற்கு யாரும் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட் குளிர்ச்சி. கட்டடத்துக்குக் குளிர்நீர் தரும் இயந்திரமான சில்லரின் மின்சாரத்தையும் சேர்த்தால் 4.2 கிலோவாட் சூட்டை எங்காவது தள்ள வேண்டும். ஆழ்துளையில் மீட்டருக்கு 50 வாட் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு டன்னுக்கு 84 மீட்டர் துளை. 300 டன் விடுதிக்கு 100 மீட்டர் ஆழத்தில் 250 துளைகள். ஆறு மீட்டர் இடைவெளியில் போட்டால் ஒவ்வொரு துளைக்கும் 3,600 கன மீட்டர் நிலம் பங்காக வரும். அதில் பாதிச் சுமையில் ஓராண்டு முழுக்கச் சூட்டை இறக்கினால், நடுவில் இருக்கும் துளைகளைச் சுற்றிய நிலம் ஏறக்குறைய 9 டிகிரி ஏறும். ஒரே ஆண்டில்! ஓரத்துத் துளைகள் கொஞ்சம் தப்பிக்கும். நடுவில் இருப்பவை வெந்துபோகும்.

இதைவிடக் கொடுமை, முதல் நாளிலேயே இந்த முறை மின்செலவில் தோற்றுவிடுகிறது என்பது. இங்கே நிலம் 28, 29 டிகிரி. அதற்குள் சூட்டை இறக்க வேண்டுமென்றால் குழாய் நீர் 35க்கு மேல் இருந்தாக வேண்டும். மொட்டைமாடியில் நின்று, நீரில் கொஞ்சத்தை ஆவியாக்கி மீதியை ஆறவைக்கும் சாதாரணக் கூலிங் டவர் அதே நீரை 30க்குக் கொண்டுவந்து தரும். சில்லரின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் இந்தக் கன்டென்சர் நீர் ஒரு டிகிரி கூடினால் சில்லர் இரண்டு மூன்று சதவீதம் கூடுதல் மின்சாரம் இழுக்கும். 250 துளைகளுக்குப் பணம் கட்டி, டவரைவிட மோசமான நீரை வாங்குகிறோம்.

ஒரு விடுதித் தீவில் இதை நேரில் பார்த்தேன். குளிர்நாட்டிலிருந்து வந்த ஆலோசகர் தன் ஊர் வரைபடத்தையே கொடுத்திருந்தார். முதல் ஆண்டு அறைகள் பாதி காலி, எல்லாம் அருமையாக ஓடியது. திறப்பு விழாவில் பாராட்டுக்கூட கிடைத்தது. விடுதி நிரம்பியதும் திரும்பி வரும் நீர் மாதா மாதம் சூடேறி, கடைசியில் சில்லர் உயர் அழுத்தத்தில் தானாக நின்றுபோகத் தொடங்கியது. பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நாகர்கோவில்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "நிலம் எப்ப சார் ஆறும்?" இன்றைக்கே ஏசியை நிறுத்தினாலும் ஆண்டுக்கணக்காகும் என்றேன். கடைசியில் கூலிங் டவர்தான் வாங்கினார்கள். துளைகள் டென்னிஸ் மைதானத்துக்கு அடியில் கிடக்கின்றன.

இன்னும் புதிய அறிக்கைகளில் இதே படம் வருகிறது. மென்பொருளில் நில வெப்பநிலைக் கட்டத்தில் முன்பே நிரம்பியிருக்கும் எண்ணைக்கூட மாற்றாமல் அனுப்புகிறார்கள். "ஐரோப்பாவுல எல்லா ஊர்லயும் இதானே அண்ணே பண்றாங்க" என்றான் ஒரு தம்பி. அங்கே பனி பெய்கிறது, தம்பி.

சூடு கிடைத்ததும் டவரை மறப்பது

ஆழத்துச் சூட்டில் குளிர்ச்சி எடுக்க, மின்சாரத்துக்குப் பதில் சூட்டில் ஓடும் லித்தியம் புரோமைடு உறிஞ்சு சில்லர் வேண்டும். 80 முதல் 95 டிகிரி வெந்நீர் அதற்குப் போதும் என்பதால் எல்லாருக்கும் பிடித்துவிடுகிறது. ஆனால் 100 பங்கு குளிர்ச்சிக்கு அது 140 பங்குக்குக் குறையாமல் சூடு தின்னும். குளிர்ச்சிக்காக எடுத்த சூடும் தின்ற சூடும் சேர்ந்து 240 பங்கு வெளியே போக வேண்டும். நல்ல மின்சார சில்லருக்கு இது 120க்குள் முடியும். ஆக டவர் இரு மடங்கு. ஆவியாகும் நீரும் டன்-மணிக்கு (ஒரு டன் குளிர்ச்சியை ஒரு மணி நேரம் தருவதற்கு) 6 லிட்டரிலிருந்து 12க்கு மேல் போகும். நன்னீரைக் கடலிலிருந்து வடித்தெடுக்கும் தீவில், அந்த நீருக்குச் செலவாகும் மின்சாரத்தையும் கணக்கில் எழுதுங்கள். எழுதிய பிறகு பல திட்டங்கள் தாமாகவே படுத்துவிடும்.

வீடுகளுக்கு வெப்பமூட்டும் குழாய் போடுவது

வேண்டாம்.

மருத்துவமனைக்கும் சலவைக்கூடத்துக்கும் வெந்நீர் வேண்டுமென்றால், சில்லர் வெளியே தள்ளும் சூட்டிலேயே ஹீட் பம்ப் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

கந்தகம் மணக்கும் இடத்தில் தாமிரம்

அந்த மணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, தாமிரத்தை அரிக்கும் வாயு. அது முதலில் கன்ட்ரோல் பலகையைத்தான் தின்னும்.

நன்னீர்ப் படலத்தில் கை வைப்பது

சிறு தீவுகளின் அடியில் நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் இருக்கும். கன்டென்சருக்காக மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் அந்த 40ம் போகும், ஊர்க் கிணறு உப்பாகும்.

எரிமலையைப் பக்கத்து வீடாக நினைப்பது

ஹவாயின் புனா புவிவெப்ப மின்நிலையம் 2018 மே மாதம் கிலாவேயா எரிமலை வெடித்தபோது மூடப்பட்டது. லாவா சில கிணறுகளை மூடியது. மறுபடி மின்சாரம் வந்தது 2020 நவம்பரில்தான். மின்நிலையம் நின்றால் வேறு இடத்து மின்சாரம் வரும். ஊருக்கே குளிர்நீர் தரும் ஒரே ஆலை நின்றால் மருத்துவமனைக்கு யார் தருவார்கள்? துணைக்கு மின்சார சில்லர் இல்லாத வரைபடத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

கடலின் ஆழத்தைப் பார்க்காமலே துளையிடக் கிளம்புவது

பசிபிக் தீவான போரா போராவில் ஒரு விடுதி 2006 முதல் 900 மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து எடுக்கும் 5 டிகிரி கடல்நீரால் ஏசி ஓட்டுகிறது. கரையை ஒட்டியே கடல் செங்குத்தாக இறங்கினால் இது சாத்தியம். இறங்கினாலும் பணம் கைகொடுக்க வேண்டும்: ஹொனலுலுவில் நகர மையத்துக்கே இப்படித் தரும் திட்டம் பல ஆண்டு இழுத்து 2020ல் கைவிடப்பட்டது. சிங்கப்பூர் நீரிணையில் பேச்சுக்கே இடமில்லை, ஆழம் போதாது. அதனால்தான் 2006ல் தொடங்கிய சிங்கப்பூர் மரினா பே வட்டாரக் குளிரூட்டு அமைப்பு, அதாவது ஒரே ஆலையிலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் தரும் ஏற்பாடு, சாதாரண மின்சார சில்லரிலும் கூலிங் டவரிலும் ஓடுகிறது. செம்பவாங் சூட்டை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் தங்கள் டன்-மணிச் செலவை அந்த மாதிரி ஆலையின் செலவோடு ஒப்பிட்டு அனுப்புங்கள். வீட்டு ஏசியோடு ஒப்பிட்ட தாளை நான் படிப்பதில்லை.