வைஃபை முழுசாகக் காட்டுகிறது, இன்டர்நெட் மட்டும் வரவில்லையா? டொராண்டோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்டில் குடியேறிய முதல் வாரம், ராத்திரி பத்தரை ஆனால் இன்டர்நெட் போய்விடும், காலையில் தானாக வந்துவிடும். வைஃபை மட்டும் எப்போதும் முழுசாகக் காட்டும். ஊரில் அப்போது காலை எட்டு மணி, அம்மா வீடியோ காலுக்குக் காத்திருக்கிற நேரம். நாலு நாள் அலைந்த பிறகு தெரிந்தது, காரணம் லைட் சுவிட்ச். இங்கே சுவரில் இருக்கிற பிளக் பாயின்டுக்கு நம் ஊர் மாதிரி தனி சுவிட்ச் கிடையாது, ஆனால் சில அறைகளில் மேலும் கீழுமாக இருக்கிற இரண்டில் ஒன்றை மட்டும் கதவோரச் சுவிட்சோடு இணைத்திருப்பார்கள், லாம்ப் வைத்துக்கொள்வதற்காக. சுவரிலிருந்து இன்டர்நெட்டை வாங்குகிற பெட்டியான மோடம் அதில் இருந்தது, வைஃபை கொடுக்கிற பெட்டியான ரவுட்டர் மற்றதில். படுக்கப் போகும்போது சுவிட்சை அணைத்தால் மோடமும் சேர்ந்து அணைந்துவிடும், ரவுட்டர் மட்டும் வைஃபை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வைஃபை என்பது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள தொடர்பு, அவ்வளவுதான். இன்டர்நெட் மோடத்துக்குப் பின்னால், சுவர் வழியாக வருகிறது. பல வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும், அப்போதும் கணக்கு இதுதான்.

முதலில் இன்னொரு போனிலோ லேப்டாப்பிலோ பாருங்கள். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அதில் விபிஎன் (இன்டர்நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள், செட்டிங்ஸில் அந்த வைஃபைக்கு ஒருமுறை ‘Forget’ கொடுத்துவிட்டுத் திரும்பச் சேருங்கள். வைஃபை விவரங்களில் காட்டுகிற ஐபி முகவரி (நெட்வொர்க்கில் உங்கள் போனுக்கோ லேப்டாப்புக்கோ உள்ள எண்) 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். வாட்ஸ்அப் போகிறது, வெப்சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை (வெப்சைட் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தரும் சேவை) 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் வரவில்லை என்றால் மோடத்திடம் போங்கள். கேபிள் இணைப்பாக இருந்தால், சுவரிலிருந்து வருகிற தடித்த கறுப்பு வயரின் நுனியில் திருகு மாதிரி ஒரு மூடி இருக்கும், நடுவில் மெல்லிய செம்புக் கம்பி. வேக்குவம் போடும்போது இழுபட்டாலே இது தளர்ந்துவிடும், கையாலேயே இறுக்குங்கள். அறைக்கு அறை இந்த வயர் பாயின்ட் இருந்தாலும் எல்லாவற்றிலும் உயிர் இருக்கும் என்று நினைக்காதீர்கள், என் நண்பன் வீட்டில் ஹாலில் இருந்த ஒன்றில்தான் சிக்னல் வந்தது. அப்புறம் மோடம், ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள், முதலில் மோடத்தைப் போட்டு அதன் விளக்குகள் சிமிட்டாமல் நிற்கும்வரை காத்திருந்து ரவுட்டரைப் போடுங்கள். பின்பக்கம் குண்டூசி நுழைகிற ஓட்டைக்குள் இருக்கிற ரீசெட் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள், பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் பழையபடி ஆகிவிடும், வீட்டில் உள்ள அத்தனை பேரும் புதிதாகச் சேர வேண்டியிருக்கும்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல வீடுகளில் மோடம் மேலே வீட்டுக்காரர் ஹாலில் இருக்கும், கணக்கும் அவர் பெயரில் இருக்கும். நீங்கள் போன் செய்தால் கம்பெனி உங்களிடம் பேசாது. அதனால் வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள், மோடம் எங்கே, ராத்திரி நின்றுபோனால் யாரை எழுப்புவது. இதில் கூச்சமே வேண்டாம், வாடகையில் இன்டர்நெட்டும் சேர்த்தி என்று சொல்லித்தானே தருகிறார்கள்.

உங்கள் பெயரில் கணக்கு இருந்து, கம்பெனிக்குப் பலமுறை சொல்லியும் தீரவில்லை என்றால் போன், இன்டர்நெட், டிவி புகார்களைக் கேட்கிற சிசிடிஎஸ் (CCTS) என்கிற அமைப்பிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். ஒவ்வொரு முறை கம்பெனியிடம் பேசும்போதும் தேதி, நேரம், பேசியவர் கொடுத்த புகார் எண் மூன்றையும் எழுதி வையுங்கள், அங்கே கேட்பார்கள். அவசரமாக மெயில் அனுப்ப வேண்டியிருந்தால் பக்கத்துப் பொது நூலகத்துக்குப் போங்கள், வைஃபை இலவசம், கார்டு கூடத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்து வையுங்கள். பேஸ்மென்டில் மொபைல் சிக்னல் பிடிக்காமல் வைஃபை வழியாகவே கால் பேசிப் பழகியிருப்பீர்கள், இன்டர்நெட் போனால் அதுவும் போய்விடும். வீட்டில் எந்த ஜன்னலோரம், எந்தப் படியில் நின்றால் சிக்னல் வருகிறது என்று பார்த்து, குழந்தைகளுக்கும் காட்டிவிடுங்கள், 911 கூப்பிட அங்கேதான் ஓட வேண்டும்.