இசட் புள்ளியைப் புரிந்துகொள்ள ஒரு கொழுந்துக் கணக்கு

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்த அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இசட் ஸ்கோர் 0.9" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஒன்னுகூட வரலையா சாமி?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் கிலோக் கணக்கு பார்த்தே பழகியவர். பதினெட்டு என்றால் பதினெட்டு, இருபது என்றால் இருபது. 0.9 என்று ஒரு நிறை இருக்க முடியுமா? நானும் அன்றைக்கு அவருக்கு ஒழுங்காக விளக்கவில்லை. எனக்கே அது என்னவென்று தெரியாது. வெட்டுப்புள்ளியோடு, அதாவது பல்கலைக்கழகம் போகத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளியோடு, ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். இப்போது டியூசன் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது அம்மாவின் தராசிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். நீங்களும் ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். வர்க்கமூலத்துக்குப் போனில் உள்ள கல்குலேட்டர் இருக்கிறது.

சொற்களைப் பற்றி ஒன்று. யூடியூபில் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் சராசரி, திட்ட விலக்கம் என்பார்கள். நம் பாடப்புத்தகத்தில் அவையே இடை, நியம விலகல். பெயர்தான் வேறு, கணக்கு ஒன்று.

படி 1: இடை

ஒரே மலையில் கொழுந்து எடுக்கும் இரண்டு பேர், ஐந்து நாள் நிறை. எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

அம்மா: 18, 20, 19, 21, 22
பெரியம்மா: 12, 28, 20, 26, 14

இருவருக்கும் மொத்தம் 100 கிலோ. ஐந்தால் வகுத்தால் இடை 20. செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு) கணக்கில் இருவரும் ஒன்று. ஆனால் நாளைக்குப் பெரியம்மா எத்தனை கிலோ கொண்டுவருவார் என்று பந்தயம் கட்டுவீர்களா? நான் கட்டமாட்டேன். அம்மாவுக்கு என்றால் 18க்கும் 22க்கும் நடுவில் என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த வித்தியாசத்தை இடை மறைத்துவிடுகிறது. அதைக் காட்டத்தான் இன்னொரு எண் வேண்டும்.

படி 2: நியம விலகல்

இடையிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எழுதுங்கள். அம்மாவுக்கு: −2, 0, −1, +1, +2. இவற்றைக் கூட்டினால் பூச்சியம். பெரியம்மாவின் −8, +8, 0, +6, −6 என்பதும் பூச்சியம். எந்த எண்களை எடுத்தாலும் இப்படித்தான் வரும், ஏனென்றால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சரிசமமாகும் இடம்தான் இடை. ஆகவே விலகல்களை அப்படியே கூட்டிப் பயனில்லை.

அதனால் ஒவ்வொரு விலகலையும் வர்க்கமாக்குகிறோம். கழித்தல் குறி போய்விடும்.

அம்மா: 4 + 0 + 1 + 1 + 4 = 10. ஐந்தால் வகுத்தால் 2.
பெரியம்மா: 64 + 64 + 0 + 36 + 36 = 200. ஐந்தால் வகுத்தால் 40.

இந்த 2க்கும் 40க்கும் மாறற்றிறன் என்று பெயர். இதோடு நிறுத்தினால் ஒரு சங்கடம்: இவை கிலோ அல்ல, கிலோவின் வர்க்கம். அதை நிறுக்கிற தராசு எந்தத் தோட்டத்திலும் இல்லை. எனவே வர்க்கமூலம் எடுத்துப் பழையபடி கிலோவுக்கு வருகிறோம். அம்மாவுக்கு 1.41 கிலோ, பெரியம்மாவுக்கு 6.32 கிலோ. இதுதான் நியம விலகல். இந்த அளவுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் ஆங்கிலப் பெயரை 1890களில் வைத்தவர் கார்ல் பியர்சன்.

வாயால் சொல்வதானால்: பெரியம்மாவின் ஒரு நாள் நிறை 20 கிலோவிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோ அங்கே இங்கே போவது வழக்கம். அம்மாவுக்கு ஒன்றரைகூட இல்லை.

"சேர், ஐந்தால் வகுப்பதா, நாலால் வகுப்பதா?" என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார்கள். கையில் இருப்பதுதான் முழுக் கூட்டம் என்றால் ஐந்தால். பெரிய குடித்தொகையிலிருந்து, அதாவது இன்னும் பெரிய ஒரு முழுக் கூட்டத்திலிருந்து, எடுத்த ஒரு மாதிரி (சிறு பகுதி) என்றால் ஒன்று குறைத்து நாலால். எக்செலில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு: பி எழுத்தில் முடிவது முழுக் கூட்டத்துக்கு, எஸ் எழுத்தில் முடிவது மாதிரிக்கு. இந்தப் பதிவு முழுக்க நான் முழுக் கூட்டமாகவே எடுக்கிறேன்.

படி 3: இசட் புள்ளி

நம் பக்கத்து மலைகளில் மாசி வரட்சியில் கொழுந்து குறைவு. மழை பிடித்ததும் கூடை நிறையும். அம்மா மாசியில் ஒரு நாள் 16 கிலோ எடுத்தார், வைகாசியில் ஒரு நாள் 28 கிலோ எடுத்தார். எந்த நாளில் அவர் கெட்டிக்காரி? தராசைக் கேட்டால் 28 என்றுதான் சொல்லும். அன்றன்று அதே மலையில் நின்ற மற்றவர்களையும் பார்ப்போம்.

மாசி நாள்: எல்லோருடைய இடை 12, நியம விலகல் 2.
வைகாசி நாள்: இடை 24, நியம விலகல் 4.

இரண்டு நாளும் அம்மா இடையைவிட 4 கிலோ அதிகம். ஆனால் மாசியில் எல்லோரும் 12ஐ ஒட்டியே நிற்கிறார்கள். அங்கே 4 கிலோ முன்னுக்கு வருவது பெரிய விசயம். வைகாசியில் நாலைந்து கிலோ ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். சூத்திரம் இதைத்தான் சொல்கிறது:

இசட் = (ஒருவரின் அளவு − இடை) ÷ நியம விலகல்

மாசி: (16 − 12) ÷ 2 = +2
வைகாசி: (28 − 24) ÷ 4 = +1

அதாவது மாசியில் அம்மா கூட்டத்தின் நடுவிலிருந்து இரண்டு நியம விலகல் மேலே, வைகாசியில் ஒன்று மேலே. 16 கிலோ எடுத்த நாள்தான் கெட்டிக்கார நாள். கிலோவைக் கிலோவால் வகுத்ததால் விடைக்கு அலகும் இல்லை. பாட்டி காலத்து ராத்தலில் (ஒரு கிலோ ஏறக்குறைய 2.2 ராத்தல்) நிறுத்திருந்தாலும் இதே +2, +1தான் வரும். எண்கள் எல்லாம் 2.2 மடங்காகும், நியம விலகலும் 2.2 மடங்காகும், வகுத்தால் பழைய விடை.

இன்னொன்றும் கவனியுங்கள். நிறுக்கும்போது தண்ணீருக்கு, சாக்குக்கு என்று எல்லோருக்கும் இரண்டு கிலோ கழித்தால் என்ன ஆகும்? இடை 2 குறையும். நியம விலகலும் இசட் புள்ளியும் அசையாது, ஏனென்றால் எல்லோரும் சேர்ந்தே இறங்கினார்கள். அந்தக் கழிவு இசட்டில் தெரியாது, சம்பளத்தில்தான் தெரியும். இசட் புள்ளி எதைக் காட்டாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

படி 4: அதே கணக்கு, ஏ.எல். பெறுபேற்றில்

மூன்று பாடப் புள்ளிகளை அப்படியே கூட்டினால், வினாத்தாள் இலகுவாக வந்த பாடம் எடுத்தவருக்கு வாய்ப்பு, கடினமாக வந்த பாடம் எடுத்தவருக்கு நட்டம். மாசிக் கிலோவையும் வைகாசிக் கிலோவையும் ஒரே சாக்கில் போடுகிற மாதிரி. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் இசட் புள்ளி வந்த காரணம் அதுதான். ஒவ்வொரு பாடத்துக்கும் தனியாக இசட் கணித்து, மூன்றின் இடையை எடுத்து, நான்கு தசமதானத்துக்குத் தருகிறார்கள்.

உயிரியல் பிரிவில் இரண்டு பிள்ளைகள் (இந்த எண்களும் என்னுடையவை):

உயிரியல்: இடை 54, நியம விலகல் 12
பௌதிகவியல்: இடை 46, நியம விலகல் 10
இரசாயனவியல்: இடை 48, நியம விலகல் 16

முதல் பிள்ளையின் புள்ளிகள் முறையே 60, 58, 44. இரண்டாம் பிள்ளைக்கு 72, 46, 44. இருவருக்கும் மொத்தம் 162.

முதல் பிள்ளை: 0.5, 1.2, −0.25. கூட்டி மூன்றால் வகுத்தால் 0.4833.
இரண்டாம் பிள்ளை: 1.5, 0, −0.25. கூட்டி மூன்றால் வகுத்தால் 0.4167.

உயிரியலில் 12 புள்ளி ஒரு இசட். பௌதிகவியலில் எல்லோரும் நெருக்கமாக நிற்பதால் அதே 12 புள்ளி 1.2 இசட். அதனால்தான் முதல் பிள்ளை முந்துகிறாள். இரசாயனவியலில் வந்த −0.25ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது சித்தியடையவில்லை என்பதல்ல, இடைக்குச் சற்றுக் கீழே என்பது மட்டும்தான். பூச்சியம் என்றால் சரியாக இடையில் நிற்கிறீர்கள். அம்மா பயந்த 0.9 அப்படியொன்றும் மோசமில்லை என்று இப்போது புரியும்.

புள்ளிகள் செவ்வன் பரம்பலாக, மணி வடிவில் இருந்தால், நூற்றில் ஏறக்குறைய 68 பேர் −1க்கும் +1க்கும் இடையில் வருவார்கள், 95 பேர் −2க்கும் +2க்கும் இடையில். பரம்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த 68ஐயும் 95ஐயும் நம்பாதீர்கள்.

மாவட்ட வெட்டுப்புள்ளி வேறு விசயம். பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்குகிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன, கண்டி இல்லை. ஆனால் உங்கள் இசட் புள்ளி மாவட்டத்துக்குள் கணித்தது அல்ல. நாடு முழுக்க அந்தப் பாடத்துக்குத் தோற்றியவர்களை வைத்துக் கணித்தது. மாவட்டம் பிறகுதான் வருகிறது.

படி 5: யாருடைய இடை?

நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. சூத்திரத்தை ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம், இந்தக் கேள்வியில்தான் நாடே ஒருமுறை இடறியது. 2011 ஏ.எல். பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டம், புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டம் தோற்றியது. இரண்டையும் இணைத்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு நாட்டின் தலையாய நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போனது. அவை வெவ்வேறு குடித்தொகைகள், தனித்தனியே கணிக்க வேண்டும் என்று 2012இல் தீர்ப்பானது. கூட்டலிலோ வகுத்தலிலோ பிழையில்லை, கூட்டம்தான் பிழை.

கிளினிக்கில் தரும் குழந்தை வளர்ச்சி அட்டையும் இதே கணக்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 நியமங்களின்படி, வயதுக்கேற்ற நிறையில் −2க்குக் கீழே போனால் நிறை குறைவு. அங்கே நம் லயத்துப் பிள்ளைகளின் இடையோடு ஒப்பிடுவதில்லை. பல நாடுகளில் நல்ல கவனிப்போடு வளர்ந்த பிள்ளைகளோடு ஒப்பிடுகிறார்கள். அப்படித்தான் ஒப்பிட வேண்டும். சுற்றியிருக்கும் எல்லாப் பிள்ளைகளும் மெலிந்திருந்தால், அவர்களுக்குள் கணித்த இசட் பூச்சியம் என்று ஆறுதல் சொல்லிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

வகுப்புச் சோதனையில் ஐந்து பேர் புள்ளிகள்: 35, 40, 45, 50, 80. 45 எடுத்தவரின் இசட் என்ன? பிறகு 80 எடுத்தவர் வேறு வகுப்புக்கு மாறிப் போய்விட்டார் என்று வைத்து, மீதி நாலு பேருக்கும் திரும்பக் கணியுங்கள். கீழே பார்க்கும் முன் கொப்பியில் செய்துவிடுங்கள்.

ஐந்து பேரோடு: இடை 50, விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1250, மாறற்றிறன் 250, நியம விலகல் 15.81. 45இன் இசட் −0.32.

நாலு பேரோடு: இடை 42.5, கூட்டுத்தொகை 125, மாறற்றிறன் 31.25, நியம விலகல் 5.59. 45இன் இசட் +0.45.

நடுவில் அந்தப் பிள்ளை ஒரு புள்ளிகூடக் கூடுதலாக எடுக்கவில்லை.