ஐரோப்பியப் பெண்களின் ஓட்டுரிமை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி வரலாற்று மன்றத்துக்காக மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துகிறேன். பெயர்ப்பிழை, ஆண்டுப்பிழையெல்லாம் சிவப்பு மையால் சரியாகிவிடும். நான் தொடக்கத்தில் செய்த தவறுகளே திரும்ப வரும்போதுதான் மனம் பொறுப்பதில்லை.

'அனைவருக்கும்' என்ற சொல்லை நம்புவது

"1848-இல் பிரான்சில் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது." ஒரு கண்காட்சிப் பலகைக்கு நானும் இப்படி எழுதினேன். அச்சாகிச் சுவரில் மாட்டிய பிறகு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அப்போ பொம்பளைங்களும் அந்த வருஷமே ஓட்டுப் போட்டாங்களா சார்?"

போடவில்லை. அந்த 'அனைவரும்' 21 வயது நிறைந்த ஆண்கள். பலகையை மாற்றினோம், அதற்குள் படித்துவிட்டுப் போன பிள்ளைகளை எங்கே தேடுவது? இன்றுவரை அது உறுத்துகிறது.

அந்தச் சொல் பொய் என்று அக்காலப் பெண்களுக்கே தெரியும். பெண்ணுரிமைப் போராளி ழான் தெரோவன் 1849 தேர்தலில் வேட்பாளராக நிற்க முயன்றார். 1919-இல் நாடாளுமன்றக் கீழவை ஏற்ற பெண்கள் ஓட்டுரிமையை 1922-இல் மேலவையான செனட் நிராகரித்தது. 1936 அமைச்சரவையில் மூன்று பெண்கள் துணையமைச்சர்கள். ஒருவர் நோபல் பரிசு பெற்ற ஐரீன் ஜோலியோ-க்யூரி. மூவருக்குமே ஓட்டு இல்லை! பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, 1944 ஏப்ரல் 21 அன்று வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸில் பிறந்த ஆணைதான் உரிமை தந்தது. பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரல் 29 நகராட்சித் தேர்தலில். 1848 என்று எழுதினால் இந்த 97 ஆண்டுகளும் அழிந்துபோகின்றன.

முதல் உலகப் போரில் உழைத்ததற்கு ஓட்டே பரிசு என்பது

பிரிட்டனின் 1918 சட்டம் 30 வயது நிறைந்து, தமக்கோ கணவருக்கோ சொத்துத் தகுதி இருந்த பெண்களுக்கே ஓட்டுத் தந்தது. வெடிமருந்து ஆலைகளில் உழைத்த இளம்பெண்கள் வெளியே நின்றார்கள். ஆண்களைப் போல 21 வயதில் ஓட்டு என்பது 1928-இல்தான். பின்லாந்திலோ போருக்கு முன்பே, 1906-இல் உரிமை வந்தது. மறு ஆண்டே 19 பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள்.

சுவிட்சர்லாந்தை 1971-இல் முடிப்பது

1971-இல் வந்தது நாடு தழுவிய தேர்தல்களுக்கான ஓட்டுரிமை. அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலப் பெண்களுக்கு மாநில அளவிலான ஓட்டை 1990-இல் நீதிமன்றம்தான் வாங்கித் தந்தது.

கிடைத்தது நிலைத்துவிட்டதாக எழுதுவது

ஸ்பெயினில் நாடாளுமன்ற உறுப்பினர் கிளாரா காம்போமோர் தம் கட்சியையே எதிர்த்து வாதாடி 1931-இல் ஓட்டுரிமை வாங்கினார். 1933-இல் பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். பின்னர் வந்த சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் சுதந்திரத் தேர்தலே இல்லாமல் போனது, அடுத்தது 1977-இல். காம்போமோர் 1972-இலேயே, நாடுகடந்த வாழ்வில், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இறந்திருந்தார்.