குடை எப்படி ஆற்றுக்குப் போச்சு?

சொல்லே இல்லாத படக்கதையைக் காட்டி எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கற்பனை தானாகக் கொட்டும் என்று நம்பித்தான் நானும் ஆரம்பித்தேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணை, சாயங்காலம், 12 பிள்ளைகள். முதல் படத்தில் படித்துறையில் குடையோடு ஒரு சிறுமி. அடுத்ததில் குடை மட்டும் தண்ணீரில் மிதக்கிறது, அவளைக் காணோம். "காத்துல குடை பறந்துட்டு, பாத்தீங்களா?" என்று வாயை விட்டேன். 12 நோட்டிலும் 'காற்றில் குடை பறந்தது', சொல்லி வைத்தாற்போல.

பெரிய தப்பு இதுதான். இந்த வகைக் கதையில் பாதி படத்தில் இருக்கிறது, மீதி இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கிறது, அந்த நடுவை நாமே நிரப்பிவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது டிக்டேஷன்தான். அடுத்த வாரம் வேறு பிள்ளைகளிடம் அதே படங்களைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை, சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், "அவ குடையைக் கவுத்துப் போட்டு அயிரை பிடிக்கா, இப்ப முங்கியிருக்கா" என்றான். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை: "இல்லலே, டேமைத் திறந்துட்டாவ. ஆச்சி இவளை மேல இழுத்துட்டுப் போயிட்டா." தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலையே வெள்ளம் முக்குவதைப் பார்த்த பிள்ளை வேறு எப்படி யோசிக்கும்!

இப்படிப் பேசி முடிக்கும் முன்னால் நோட்டை நீட்டாதீர்கள். "இது என்ன, அது என்ன" என்றும் கேட்காதீர்கள், 'ஒரு மரம் உள்ளது, ஒரு நாய் உள்ளது' என்று பட்டியல்தான் வரும். "இதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இன்னொன்றில். பிள்ளை 'ஏலே எங்க போற' என்று எழுதினால் அடித்துவிட்டு 'தம்பி, எங்கே செல்கிறாய்' என்று திருத்துகிறார்கள். ஆற்றங்கரையில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? புதுமைப்பித்தனே தன் பாத்திரங்களை நெல்லைத் தமிழில் பேசவிட்டவர்தான். ர, ற குழப்பத்தையெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், சிவப்புப் பேனாவைக் கண்டதும் தெரிந்த சொல்லை மட்டும் எழுதித் தப்பித்துக்கொள்வார்கள். கடைசியில் நீதி கேட்பதும் வேண்டாம்.

புத்தகம் இல்லையா? பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே சொல்லில்லாத கதைகள் கிடைக்கின்றன. ஆனால் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன், சிவப்புக் குடை பாறை நிறத்துக்குப் போய்விட்டது, பாதிப் பேருக்குக் குடை இருப்பதே தெரியவில்லை.

டேம் கதைக்காரி இப்போது மூன்றாவது பக்கத்தில் இருக்கிறாள். குடை ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் போய்ச் சிக்கிக் கிடக்கிறதாம். "மிச்சத்தை நாளைக்கு எழுதுதேன்க்கா" என்று ஓடிவிட்டாள். ஆச்சி குடைக்காகத் திட்டினாளா இல்லையா என்று இன்னும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.