எட்டு மாத நாய்க்குட்டி வெளியாளைக் கண்டு உறுமினால்: செய்யக்கூடாதவை

காலையில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் கன்னி, சிப்பிப்பாறை என்று நம்மூர் இன நாய் ஒன்று புதிதாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. நாலு மாதத்தில் எல்லார் மடியிலும் ஏறிய குட்டி, எட்டு மாதத்தில் தொப்பி போட்ட ஆளைக் கண்டால் உறுமும். "எவனோ அடிச்சிருக்கான் சார்" என்பார்கள். யாரும் அடித்திருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வயதுவரை விடலைப் பருவம். அதில் பழகிய ஆளையே புதிதாகப் பார்ப்பதுபோல மிரளும் நாட்கள் உண்டு. அதிலும் நம்மூர் இனங்கள் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. வெளியாளிடம் சட்டென்று ஒட்டாது. லாப்ரடார் மாதிரி எல்லாரிடமும் வாலாட்ட வேண்டாம், ஆளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்துபோனால் போதும்.

அடிக்கக் கூடாது, சங்கிலியைச் சுண்டக் கூடாது என்பதெல்லாம் தெரிந்ததுதான். விட்டுவிடுகிறேன்.

வெளியாள் கையால் பிஸ்கட் கொடுக்க வைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். செய்பவர்கள் நல்ல மனதோடு செய்கிறார்கள் என்பதால் இன்னும் கூடுதலாக.

அண்ணா நகரில் ஒரு டீக்கடை வாசல். ஒரு தம்பி தன் கன்னி நாயைப் பிடித்துக்கொண்டு, அங்கே நின்ற ஒருவரிடம், "அண்ணே, நீங்க ஒரு பிஸ்கட் குடுங்க, பழகிரும்" என்றார். வேணாம்ப்பா என்றேன். "வீடியோவுல அப்பிடித்தான் சார் சொன்னாங்க." நாயின் பின்னங்கால்கள் நகரவே இல்லை, கழுத்தை மட்டும் நீட்டி வாங்கியது. அதற்குப் பிஸ்கட் வேண்டும், ஆள் வேண்டாம். தின்று முடித்து நிமிர்ந்தால் முகத்துக்கு நேரே தெரியாத கை. பிஸ்கட் கொடுத்தவர் அடுத்து தலையைத் தடவத்தானே செய்வார்? மணிக்கட்டில் பல் பட்டுவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்து, ஊசிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த நாய் இப்போது மொட்டைமாடியில் கட்டிக் கிடக்கிறது. வெளியே கூட்டிவருவதே இல்லை.

தீனி உங்கள் கையிலிருந்து வரட்டும். வேகவைத்த ஈரலைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி எடுத்துப் போங்கள். நாய்க்கு ஆள் தெரிய வேண்டும், ஆனால் அது இன்னும் நிதானமாகத் தின்ன வேண்டும். அந்தத் தூரத்தில் நில்லுங்கள். ஈரலை வாங்க மறுத்தால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முதலில் ஆள், பிறகு தீனி. ஆள் போனதும் தீனியும் நிற்க வேண்டும். வரிசையை மாற்றினால் ஈரலைக் கண்டதுமே "யாரோ வரப்போகிறார்கள்" என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். மாசி வீதிச் சந்துகளில் இந்தத் தூரம் கிடைக்காது. கண்மாய்க்கரை, ஆளில்லாத மைதானம் என்று போங்கள். தூரத்தை வாரக்கணக்கில் குறைக்கலாம், அதே நடையில் குறைக்கக் கூடாது.

உறுமலை அதட்டி அடக்குவது

உறுமல் என்பது எச்சரிக்கை. அதட்டினால் அது மட்டும்தான் நிற்கும், பயம் உள்ளேயே இருக்கும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். உறுமுவதற்கு முன்பே உதட்டை நக்கும், காரணமில்லாமல் கொட்டாவி விடும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும், உடம்பு விறைக்கும். அப்போதே எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

"ஒண்ணும் செய்யாது, தொட்டுப் பாருங்க"

சொல்லாதீர்கள். "தொடாதீங்கண்ணே, பயப்படும்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் நடையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போங்கள்.

கூட்டம் பழகட்டும் என்று சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவது

வேண்டாம்.

வலியைச் சந்தேகிக்காமல் விடுவது

ஒரே வாரத்தில் குணம் மாறி, வீட்டாள் தொட்டாலும் சீறினால் இது பருவக் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். காது, பல், இடுப்பு மூன்றையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு ஈரலை நறுக்குங்கள்.