முதன்முறையாக ஏர்ஷோ போகிறவர்களுக்கு: ஹைவெல்ட் செய்முறை

ஏர்ஷோ என்றாலே அண்ணாந்து பார்ப்பதுதான் என்று எல்லோரும் கிளம்புகிறார்கள். ஆனால் முதல்முறை போகிறவர்களுக்கு நாள் கெடுவது தரையில்தான். வெயிலுக்கு எதிரே போட்ட நாற்காலி, பதினோரு மணிக்கே தீர்ந்த தண்ணீர், கூட்டத்தில் கைவிட்டுப் போன பிள்ளை. அதனால் தென்னாப்பிரிக்காவின் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் ஏர்ஷோ பார்க்க எழுதிய இந்தக் குறிப்பில் வானத்தைவிடத் தரைக்குத்தான் இடம் அதிகம்.

படி 1: எதற்குப் போகிறீர்கள்?

பெரியது வேண்டுமென்றால் ஆஃப்ரிக்கா ஏரோஸ்பேஸ் அண்ட் டிஃபென்ஸ் கண்காட்சி. இரட்டைப்படை ஆண்டுகளில், செப்டம்பரில், பிரிட்டோரியா பக்கத்து வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்தில் நடக்கும். முதல் மூன்று நாள் வியாபாரிகளுக்கானது. நமக்கு சனி, ஞாயிறுதான். டிக்கெட் எடுக்கும்போது நாளைச் சரிபாருங்கள்.

பழைய விமானங்களில் ஆசை இருந்தால் ஸ்வார்ட்கோப் தளத்தில் விமானப்படை அருங்காட்சியகம் நடத்தும் ஏர்ஷோ. ஜிபிஎஸ்ஸில் பெயரைக் கவனமாகப் போடுங்கள். ஸ்வார்ட்கோப்ஸ் என்று கார் பந்தய மைதானம் ஒன்றும் அதே ஊரில் இருக்கிறது. ஒரு எழுத்து தவறினால் இறக்கைக்குப் பதில் டயர்தான் பார்ப்பீர்கள்.

ஜொகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் விமான நிலையம் வசதி. அங்கே சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸின் பழைய போயிங் 747 'லெபோம்போ' நிற்கிறது. அவ்வளவு பெரிய விமானத்தை 2004இல் அந்தக் குட்டை ஓடுபாதையிலேயே இறக்கி நிறுத்தினார்கள்.

ஃப்ளை-இன் வேறு வகை. சாகசம் குறைவு. சிறு விமானக்காரர்கள் பல ஊர்களில் இருந்து பறந்து வந்து கூடி, காலை உணவு சாப்பிட்டு, பேசிவிட்டுத் திரும்புவார்கள். பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். சத்தம் குறைவு, விமானி பக்கத்திலேயே நிற்பார், கேட்டால் பதில் சொல்வார். யாராவது தன் விமானத்தில் கூட்டிப்போகிறேன் என்றால் உங்கள் எடையையும் பையின் எடையையும் உள்ளபடி சொல்லுங்கள். நான்கு இருக்கை இருந்தாலும், டேங்க் நிரம்பிய செஸ்னா 172 இந்த உயரத்தில் நான்கு பெரியவர்களைத் தூக்கத் திணறும்.

படி 2: முந்தைய நாள்

டர்பனில் இருந்து வருகிறவர்கள் அன்றே கிளம்பி அன்றே பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். என்3 சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாயில் லாரி நெரிசலோ பனிமூட்டமோ இருந்தால் நேரம் எகிறிவிடும். பிரிட்டோரியாவின் லாடியத்திலோ ஜொகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் முந்தின இரவே வந்து படுத்துவிடுங்கள்.

கடல் மட்டத்தில் இருந்து 1,500 மீட்டர் ஏறி வருகிறீர்கள். காற்று வறண்டது, உதடு வெடிக்கும். சூரியன் சுடுவது தெரியாமலே தோல் கருகும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், காதையும் கழுத்தையும் மறைக்கும் தொப்பி, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை சன்ஸ்கிரீன். காலையில் குளிரும், நண்பகலில் காயும். கழற்றிப் போடும்படி ஜாக்கெட் எடுங்கள். காலுக்கு மூடிய டக்கீஸ் (கான்வாஸ் ஷூ).

கூலர் பாக்ஸில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வையுங்கள். தயிர்சோறு வேண்டாம், வெயிலில் நண்பகலுக்குள் புளித்துவிடும். கண்ணாடிப் பாட்டிலைப் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். படைத்தளம் என்றால் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும். கொஞ்சம் ராண்ட் நோட்டும் வேண்டும். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரை உறிஞ்சும்போது கார்டு மெஷின் படுத்துவிடும். ட்ரோனை வீட்டிலேயே விடுங்கள். அனுமதியில்லாமல் விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறக்கவிடுவது குற்றம்.

படி 3: காலையில் தரையைச் சுற்றுங்கள்

வாசல் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். பறத்தல் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் நிறுத்தி வைத்த விமானங்களைக் கூட்டமில்லாமல் பார்க்கக் கிடைக்கும். சாகசம் தொடங்கியதும் எல்லோரும் வேலி ஓரம் ஓடிவிடுவார்கள், பிறகு திரும்பி வரவே நேரமிருக்காது.

முதலில் வால்பக்க எழுத்தைப் படியுங்கள். இந்திய விமானத்தில் 'விடி' என்று இருப்பதுபோல இங்கே 'இசட்எஸ்' அல்லது 'இசட்யு' இருக்கும். இசட்யு என்றால் பெரும்பாலும் வீட்டுக் கொட்டகையில் கட்டியது, அல்லது ஓய்வுபெற்ற ராணுவ விமானம். உரிமையாளரிடம் பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு: "நீங்களே கட்டினீர்களா?"

தொடக்கூடாதவை மூன்று. ப்ரொப்பெல்லர் முதலாவது. இன்ஜின் நின்றிருக்கிறது, சாவி விமானி பையில் இருக்கிறது என்றாலும் கை வைக்காதீர்கள். பிஸ்டன் இன்ஜினில் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி வேண்டாம், சுழன்றால் தானே மின்சாரம் உண்டாக்கும். சாவியை அணைத்தால் ஒரு கம்பி வழியாக அந்த மின்சாரம் இன்ஜினின் உலோக உடலுக்குப் போய் வீணாகிவிடும். அந்தக் கம்பி உள்ளே அறுந்திருந்தால் வெளியே தெரியாது. விளையாட்டாக ப்ரொப்பெல்லரைத் திருப்பிய மறுநொடி இன்ஜின் உயிர்பெற்று அடிக்கும். இரண்டாவது, முன்பக்கமோ இறக்கையடியிலோ நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய், பிட்டோ. வேகமானி அதை நம்பித்தான் வேலை செய்கிறது. வளைந்தாலோ அடைத்தாலோ விமானிக்குத் தவறான வேகம் காட்டும். மூன்றாவது காக்பிட்டின் மேல்மூடி. அது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். மோதிரம் பட்டாலே கீறல் விழும். பையையும் கேமரா வாரையும் முன்பக்கம் தூக்கிப் பிடித்து நடங்கள்.

காலி சிப்ஸ் பாக்கெட்டைக் கீழே போடாதீர்கள். சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஜெட் இன்ஜின் முன்னால் கிடப்பதை வாக்குவம் கிளீனர் மாதிரி இழுக்கும்.

பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் செல் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். "தொலைந்தால் அந்த மஞ்சள் விமானத்தடிக்கு வா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பதினோரு மணிக்கு அது பறந்து போயிருக்கும். கட்டடமோ, ராண்ட் விமான நிலையம் என்றால் அந்த 747இன் வாலோ சொல்லுங்கள். அது எங்கும் போகாது.

படி 4: நாற்காலி எங்கே?

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் இங்கேதான் பிசகுவோம். தெற்கு அரைக்கோளத்தில் உச்சி வெயில் வடக்கே நிற்கும். முடிந்தவரை தெற்கு நோக்கி உட்காருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் விமானம் நிறத்தோடு தெரியும், எதிரே இருந்தால் காக்கை நிழல்தான். ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் மட்டும் வேண்டாம். குடை விரிக்காதீர்கள். பின்னால் இருப்பவர் சபிப்பார், ஓரிக்ஸ் ஹெலிகாப்டர் தாழ வந்தால் அதன் காற்று குடையோடு உங்களையும் இழுக்கும்.

படி 5: பார்ப்பது, கேட்பது, படமெடுப்பது

ஜெட் எங்கே என்று சத்தம் வரும் பக்கம் தேடினால் கிடைக்காது. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சத்தம் உங்களை எட்ட மூன்று நொடி ஆகும். அதற்குள் கிரிப்பன் போர்விமானம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் முன்னால் போயிருக்கும். சத்தத்துக்கு முன்னால், அது போகும் திசையில் தேடுங்கள். ஹார்வர்ட் என்ற பழைய பயிற்சி விமானம் வந்தால் கண்ணை மூடியும் கேளுங்கள். அந்தக் கரகர உறுமல் இன்ஜினுடையது மட்டுமல்ல, ப்ரொப்பெல்லர் முனை ஏறக்குறைய ஒலி வேகத்தைத் தொடுவதால் வருவது. ஜெட் வருமுன் பெரியவர்களுக்கு நுரை அடைப்பான், பிள்ளைகளுக்குக் காதை முழுதாக மூடும் இயர்மஃப். பஞ்சு போதாது.

டேக்-ஆஃப் ஓட்டம் நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். 1,500 மீட்டர் உயரத்தில் 25 டிகிரி வெயில் என்றால் காற்றின் அடர்த்தி 7,000 அடிக்கு (சுமார் 2,100 மீட்டர்) மேல் இருப்பதுபோல ஆகிவிடும். இறக்கைக்கும் இன்ஜினுக்கும் பிடிக்கக் காற்று குறைவு.

கேமராவின் ஷட்டர் வேகம் ஜெட்டுக்கு 1/1000 நொடி. ப்ரொப்பெல்லர் விமானத்துக்கு 1/160, ஹெலிகாப்டருக்கு 1/100. வேகத்தைக் கூட்டினால் ப்ரொப்பெல்லர் உறைந்து, இன்ஜின் நின்ற பொம்மையைக் கயிற்றில் தொங்கவிட்டதுபோல விழும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள், இல்லையென்றால் வெளிர் வானத்தில் விமானம் கரிக்கட்டை. போனில் பறப்பதை எடுப்பது வீண். நிற்பதை எடுங்கள், பறப்பதைக் கண்ணால் பாருங்கள். விமானப்படையின் சாகசக் குழுவான சில்வர் ஃபால்கன்ஸின் பிசி-7 விமானங்கள் புகைவிட்டபடி பிரிவதைச் சிறு திரையில் துரத்தினால் ஒரு விமானம்தான் கிடைக்கும்.

படி 6: வெளியே வருவது

கடைசி விமானம் இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் காருக்குப் போவார்கள். நீங்கள் உட்காருங்கள். மிச்சமிருக்கும் சோற்றை அப்போது சாப்பிடுங்கள். ஃப்ளை-இன் என்றால் இதுதான் நல்ல நேரமும்கூட: வந்த விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும், வேலி ஓரத்தில் இடம் காலியாகக் கிடக்கும். காலையில் கார் நிறுத்தியபோது வரிசைப் பலகையைப் போனில் படமெடுத்திருந்தால், தூசியில் ஒரே நிறமாகிவிட்ட வெள்ளை பக்கிகளுக்கு (பிக்-அப் வண்டிகளுக்கு) நடுவில் உங்களுடையதைத் தேடி அலைய வேண்டியிருக்காது.